ஆம் எனின் விபரம்

சுன்னாகம் தபாற் கந்தோரில்
பதிவுத் தபால் பிரிக்கிற மேசை என்னுடையது.
அந்தக் கடிதமும் என் கையால்தான் வந்தது.
பெறுநர்: க. வாமதேவன்.
நானே திகதி முத்திரை குத்தி
நானே எனக்கு அறிவித்தற் சீட்டு எழுதி
நானே என்னிடம் கையொப்பம் வாங்கினேன்.
பக்கத்து மேசை மரியறோசா
முதலில் சிரித்தாள்.
வாசித்தபின் சிரிப்பை மடித்து உள்ளே வைத்தாள்.

விடயம் சின்னது.
கல்வியியற் கல்லூரியில் டிலுக்சன் படித்த மூன்று வருடம்
அரசு தந்த படி, விடுதி, சாப்பாடு.
அதற்கு ஈடாக ஐந்து வருடம்
அனுப்புகிற இடத்தில் படிப்பிக்க வேண்டும்.
தவறினால் தந்ததெல்லாம் வட்டியோடு.
அவன் இல்லையென்றால்
நிரந்தர உத்தியோகத்தர் இருவர்.
ஒருவர் அவனுடைய சித்தப்பா,
மாரி தொடங்கமுன் செத்துப்போனார்.
மற்றவர் இந்த மேசையில்.

அவனை நெடுந்தீவுக்கு அனுப்பினார்கள்.
ஏழு மாதம் கணிதம்.
எட்டாம் மாதம் மருத்துவ விடுப்பு.
பிறகு பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம்.
“அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ, விசா சரிவரட்டும்.”
குரற் செய்தியில் அவனுக்குப் பின்னால்
கோப்பை கழுவுகிற தண்ணீர்.
மூன்று வருடமாக அந்தக் குழாயை ஒருவரும் பூட்டவில்லை.

சம்பளச் சீட்டில் பதின்மூன்றாம் வரி:
ஏனைய கழிவுகள், 4,750.00.
தொண்ணூற்றாறு தவணை. இது முப்பத்தோராவது.
மனைவி அந்த வரிக்கு வைத்த பேர் ‘தம்பிக்குச் சோறு’.
மாதக் கடைசியில் பால்மா இல்லாமல் நான் படலை திறந்தால்
“தம்பி சாப்பிட்டிட்டானோ?” என்பாள்.
கோபமோ பகிடியோ, கேட்டதில்லை.

ஆவணியில் பதிற்கடமை, மூன்று நாள், நெடுந்தீவு.
குறிகட்டுவானில் ஏறி ஒரு மணித்தியாலம்
கடல் என் வயிற்றுக்குள் வந்து போனது.
பள்ளிக்கூடத்துக்கு ஒரு பொதி கொடுக்கப் போனேன்.
அதிபரின் அறைச் சுவரில் நேரசூசி.
கணிதக் கட்டங்களில்
அவன் பெயருக்கு மேல் வெள்ளை மை பூசி
வெள்ளைக்கு மேல் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.
பொதி தூக்க வந்த பதினோராம் வகுப்புப் பொடியனிடம்
கணக்குக்கு ஆர் என்று கேட்டேன்.
“சமய சேர் வருவார். நோட்ஸ் தருவார்.
கணக்குச் செய்யமாட்டார்.”
குற்றமாகச் சொல்லவில்லை.
இன்றைக்குக் காற்றுக் கூட என்பதுபோலச் சொன்னான்.

திரும்பும் படகில் கூட்டிப் பார்த்தேன்.
என்னுடைய தொண்ணூற்றாறுக்கு ஒரு கடைசி உண்டு.
அந்த வகுப்பில் இருபத்துமூன்று பேர்.
எந்தத் தாளிலும் ஒப்பமிடாதவர்கள்.
அவர்களிடம் கழிப்பதற்கு
ஒரு கந்தோரும் பதிவுத் தபால் அனுப்பாது,
சத்தமில்லாமல் கழியும்.
டிலுக்சனைத் திட்ட வாயெடுத்தேன்.
இருபத்தாறு வயதில்
எனக்கொரு விமானச்சீட்டுக் கிடைத்திருந்தால்?
படகின் எஞ்சின் பெரிய சத்தம்.
பதில் கேட்கவில்லை.

நேற்று ஜெனார்த்தனி வந்தாள்,
ஸ்ரேசனடி மெக்கானிக் குணத்தின் மகள்.
கணிதத்துக்கு எடுபட்டிருக்கிறாள்.
கையில் பிணைமுறி, மூன்று பிரதி.
“எங்கட பக்கம் அரசாங்க வேலையில
ஒருத்தரும் இல்லை, அங்கிள்.”
மரியறோசாவின் முத்திரைச் சத்தம் நின்றது.

கேள்வி ஒன்பது:
முன்னர் வேறெவருக்கேனும் பிணை நின்றுள்ளீரா?
ஆம் / இல்லை.
ஆம் எனின் விபரம்.
விபரத்துக்கு ஒரு வரி இடம். அதுவும் குட்டை.

“படகில சத்தி வருமோ?” என்று கேட்டேன்.
“வரும்,” என்றாள். “பை கொண்டு போவன்.”

‘இல்லை’யை வெட்டினேன்.
அந்த ஒரு வரியில் 31/96 என்று எழுதினேன்.
மேலிடம் என்னை ஏற்குமோ, திருப்புமோ.
கவுண்டர்ப் பேனை நூலில் கட்டியது,
ஒப்பமிடும் கட்டம் வரைக்கும் எட்டவில்லை.
அவள் தாளை எடுத்து
பேனைக்குக் கிட்டக் கொண்டுவந்து
அசையாமல் பிடித்தாள்.